மேசைக்கு வந்த கேள்விகள்: பக்கத்து அலமாரியைப் பார்த்தீர்களா?

போன இதழில் “ஆய்வு செய்கிறவர்கள் எழுதலாம்” என்று ஒரு வரி போட்டிருந்தேன். கணக்கியல், சட்டம், உணவு அறிவியல், மருத்துவப் படவியல் என்று நாலு திசையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று முக்கால்வாசிப் பேர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் மேடம், நீங்கள் எந்தத் துறை? பேரேட்டுக்கும் பதில் சொல்கிறீர்கள், ஸ்கேனுக்கும் பதில் சொல்கிறீர்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.
– சந்தேகப் பிராணி

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். நான் எந்தத் துறையும் இல்லை. ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தகவல் மேசையில் 26 வருடம் உட்கார்ந்திருந்தவள். இடது பக்கம் வணிகவியல் அலமாரிகள், வலது பக்கம் சட்டம், மாடியில் உணவும் மருத்துவமும். தீசிஸ் எழுதுகிறவர்களுக்குக் கைடிடம் கேட்க வெட்கமாக இருக்கும். நூலகரிடம் கேட்க வெட்கமில்லை. அவர்கள் கேட்டதையும் நான் தேடிக் கொடுத்ததையும் நோட்டில் எழுதி வைப்பேன். பதினோரு நோட்டுகள் சேர்ந்தன. இந்தப் பகுதி அந்த நோட்டுகளை நம்பித்தான் ஓடுகிறது.

அதில் முதல் நோட்டிலேயே இருக்கும் ஒரு பையனைச் சொல்கிறேன். உணவு அறிவியல் மாணவர். ரொட்டிக்குள் இருக்கும் காற்றறைகளின் அளவையும் அவற்றுக்கு நடுவே உள்ள சுவரின் தடிமனையும் அளக்க வேண்டும். எட்டு மாதம் ரொட்டியை மெல்லிசாக வெட்டி, படமெடுத்து, கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “இதற்கு நல்ல முறை ஏதாவது இருக்கிறதா?” என்று வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றது படவியல் மாணவி. எலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியை மைக்ரோ சி.டி.யில் (மிக நுண்ணிய பகுதிகளையும் படமெடுக்கும் ஸ்கேன்) எடுத்து, ஓட்டைகளையும் சுவர்களையும் அளப்பது அவர் வேலை. எலும்பென்றும் ரொட்டியென்றும் பெயர்தான் வேறு, அளப்பது ஒன்றேதான். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். என் 26 வருட வேலையில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் செலவுச் சீட்டுகளை வைத்துக் கணக்கியலில் ஆய்வு செய்கிறேன். தொகைகளின் முதல் இலக்கம் பென்ஃபோர்ட் விதிக்கு ஒத்துவரவில்லை. 9-இல் தொடங்கும் தொகைகள் மிக அதிகம். “மோசடி நடந்திருக்கிறது” என்று முடிவுரையில் எழுதலாமா?
– முனைவர் பட்ட மாணவர், மூன்றாம் ஆண்டு

பதில்: எழுதாதீர்கள் தம்பி. “இங்கே தோண்டிப் பார்க்க வேண்டும்” என்று எழுதலாம். அதற்கு மேல் அந்த விதி உங்களுக்குத் துணைக்கு வராது.

மற்ற வாசகர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். இயல்பாக விளையும் எண்களில் முதல் இலக்கம் 1 முதல் 9 வரை சமமாக வராது. 1 வருவது சுமார் 30.1 சதவீதம், 9 வருவது 4.6 சதவீதம்தான். காரணம் எளிது. 100 என்ற தொகை 200 ஆக, அது இரட்டிப்பாக வேண்டும். 900 என்பது 1000 ஆக 11 சதவீதம் வளர்ந்தால் போதும். ஆகவே வளர்கிற எதுவும் 1-இல் நீண்ட நேரம் தங்கும், 9-ஐச் சட்டென்று தாண்டிவிடும்.

இதை முதலில் கவனித்தவர் கணக்காளர் இல்லை, சைமன் நியூகோம்ப் என்ற வானியலாளர். பெருக்கல் கணக்குக்கு அந்தக் காலத்தில் புரட்டிய மடக்கை அட்டவணைப் புத்தகங்களில், 1-இல் தொடங்கும் எண்கள் இருக்கும் முதல் பக்கங்கள் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருப்பதைப் பார்த்து 1881-இல் இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். (நூலகரான எனக்கு இந்தக் கதை பிடிப்பதில் ஆச்சரியமில்லை. தேய்ந்த பக்கம் நிறையப் பேசும்.) அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1938-இல் ஃபிராங்க் பென்ஃபோர்ட் என்ற இயற்பியலாளர் ஆற்றுப் பரப்பளவு, மக்கள்தொகை என்று 20,229 எண்களைத் திரட்டி அதையே மறுபடி காட்டினார். பெயர் அவருக்குப் போய்விட்டது.

இப்போது உங்கள் 9-க்கு வருவோம். முதலில் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் விதிகளைக் கேட்டு வாங்குங்கள். 1000-க்கு மேல் போனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று இருந்தால், 950, 980 என்று சீட்டுகள் குவியும். பெரிய செலவை இரண்டாக உடைத்து மேலதிகாரி கண்ணில் படாமல் தள்ளியிருக்கலாம். ஒப்புதலுக்கு அலுத்துப்போய்ச் சிக்கனமாகச் செலவழித்திருக்கவும் கூடும். ஒரே விலையில் திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் 900-சொச்சம் என்றாலும் இதே குவியல்தான் வரும். அப்புறம், உங்களிடம் எத்தனை சீட்டுகள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. லட்சக்கணக்கில் இருந்தால் கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து கிடைத்தது எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) ஒன்றுமில்லாத வித்தியாசத்துக்கும் மணியடிக்கும். தொகைகள் பத்து, நூறு, ஆயிரம் என்று பல மடங்குகளில் பரவியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எல்லாமே 500-க்கும் 999-க்கும் நடுவில் என்றால் இந்த விதியை அங்கே கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: மார்பு எக்ஸ்ரே படங்களில் நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றைப் பயிற்றுவித்திருக்கிறேன். துல்லியம் 97 சதவீதம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், கைடு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பொறாமையா?
– படவியல் ஆய்வாளர்

பதில்: பொறாமை இல்லை, அனுபவம். உங்கள் சோதனைப் படங்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருந்தது? நூற்றில் மூன்று பேருக்கு என்றால், எல்லாப் படத்துக்கும் “நோய் இல்லை” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மென்பொருளும் 97 வாங்கும். நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்.

அடுத்தது, படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள்? படவாரியாகவா, ஆள்வாரியாகவா? ஒரே ஆளின் ஒரு படம் பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் இருந்தால், மென்பொருள் நோயைப் படிக்காது, அந்த ஆளின் விலா எலும்பை மனப்பாடம் செய்துவிடும். வினாத்தாள் வெளியான தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய கதைதான்.

மூன்றாவதைத்தான் உங்கள் கைடு நினைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த மென்பொருள், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்றிருந்தது தெரியவந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம், இன்னொன்றில் குறைவு. எனவே இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி விடை கைக்கு வந்துவிடும். படத்தின் மூலையில் வைக்கும் சின்ன உலோக அடையாளம் போன்றவையும் துப்பு கொடுத்துவிடுகின்றன. புது மருத்துவமனைப் படங்களில் அந்த மென்பொருள்களின் துல்லியம் பொதுவாக இறங்கிப் போயிற்று. கோவிட் காலத்தில் இது இன்னும் கூத்தானது. அந்த அவசரத்தில் வந்த கட்டுரைகளை ஒரு குழு சலித்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டது. தொடக்கத்தில் 2,212 கட்டுரைகள். சலித்து மிஞ்சியவை 62. அந்த 62-இல் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தும் தகுதியில் இல்லை என்றார்கள். சிலவற்றில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை, கோவிட் இல்லாத படங்கள் குழந்தைகளுடையவை. அந்த மென்பொருள் வயதைக் கண்டுபிடித்ததே தவிர நோயை இல்லை.

உங்கள் மென்பொருள் இதுவரை பார்க்காத ஓர் இடத்தின் படங்களைக் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள். 97 என்பது 80 ஆனாலும் அந்த 80-ஐ எழுதுங்கள். கைடு சிரிப்பார்.

கேள்வி: நான் சட்ட ஆய்வு மாணவி. என் அண்ணன் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறார். “நீ செய்வது தீர்ப்பைப் படித்து அபிப்பிராயம் சொல்வது. சோதனை இல்லை, எண்ணும் இல்லை. இதெல்லாம் ஆராய்ச்சியா?” என்று சாப்பாட்டு மேசையில் தினமும் கேலி. ஒரு நல்ல பதில் சொல்லிக் கொடுங்கள்.
– தங்கை

பதில்: இரண்டு பதில் தருகிறேன், ஒன்று தற்காப்புக்கு, ஒன்று தாக்குதலுக்கு.

தற்காப்பு: விதிகளையும் தீர்ப்புகளையும் அடுக்கி, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, எந்த இடத்தில் முரண்படுகின்றன, புதிதாக ஒரு வழக்கு வந்தால் இந்த அமைப்பு என்ன விடை தரும் என்று பார்ப்பது கோட்பாட்டு ஆய்வு. அதற்கும் சோதனை உண்டு. நீங்கள் சொல்லும் விளக்கத்துக்கு அடங்காத ஒரு தீர்ப்பை எதிராளி எடுத்துப் போட்டால் உங்கள் வாதம் உடையும். 19-ஆம் நூற்றாண்டில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியை நடத்திய லாங்டெல், வேதியியலாருக்குப் பரிசோதனைக் கூடம் எப்படியோ, சட்டக்காரருக்கு நூலகம் அப்படி என்று சொல்லிவந்தார். என் தொழிலை உயர்த்திய மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

தாக்குதல்: எண் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குச் சட்டமும் சாப்பாடும் சேர்ந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2011-இல் வந்த ஒரு பிரபலமான கட்டுரை இஸ்ரேலில் பரோல் விண்ணப்பங்கள்மீது எடுத்த 1,112 முடிவுகளை ஆராய்ந்தது. அமர்வின் தொடக்கத்தில் சாதகமான முடிவு சுமார் 65 சதவீதம். போகப் போகக் குறைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்ததும் மறுபடி 65. “பசித்த நீதிபதி கருணை காட்டமாட்டார்” என்று உலகம் முழுக்கச் செய்தி போட்டார்கள். அதே ஆண்டு அதே இதழில் மறுப்பு வந்தது. வழக்குகள் வந்த வரிசை தற்செயலானது இல்லை. வக்கீல் இல்லாத கைதிகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் வந்தன, அவர்களுக்குப் பரோல் கிடைப்பது எப்போதுமே அரிது. பிறகு 2016-இல் இன்னொருவர், சாதகமான வழக்குகளை விசாரிக்க அதிக நேரம் பிடிக்கும், இடைவேளை நெருங்கும்போது நீண்ட வழக்கை யாரும் தொடங்கமாட்டார்கள், அதனால்கூட அந்தச் சரிவில் பெரும்பகுதி தானாக வரும் என்று கணினியில் போட்டுக் காட்டினார்.

அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த கதையைச் சரியாகப் படிக்க, நீதிமன்றத்தில் வழக்குகள் எந்த வரிசையில் கூப்பிடப்படுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். அது உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்பது நல்லது.

கேள்வி: நிறுவனங்கள் நொடிப்பதை முன்கூட்டியே காட்டும் நிதி விகிதத்தைத் தேடி 24 விகிதங்களை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் 5 சதவீத மட்டத்தில் வந்தது (தற்செயலாக இப்படி வர நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே). அதை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதலாமா?
– கணக்கியல் ஆய்வாளர்

பதில்: உங்களுக்குக் கணக்கியல் அலமாரியில் பதில் இல்லை, மாடிக்கு வாருங்கள். 2009-இல் மூளைப் படவியல்காரர்கள் சிலர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) கருவிக்குள் வைத்தார்கள். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, “இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?” என்று முறைப்படி கேட்டார்கள். வழக்கமான கணக்கைப் போட்டால் மீனின் மூளையில் ஒரு சின்னப் பகுதி வேலை செய்வதாகப் படத்தில் சிவப்பாகத் தெரிந்தது! படத்தில் பல்லாயிரம் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் சில கட்டங்கள் தற்செயலாகவே தேறிவிடும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் (சோதனைகள் கூடக்கூடத் தேறும் வரம்பைக் கடுமையாக்குவது) சிவப்பு மறைந்தது. 2012-இல் இதற்கு இக் நோபல் பரிசும் (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுக்கான பரிசு) கிடைத்தது.

24 விகிதங்களில் எதுவுமே பயனற்றது என்று வைத்துக்கொண்டாலும், 5 சதவீத மட்டத்தில் சராசரியாக 1.2 விகிதம் தேறத்தான் செய்யும். உங்களுக்கு ஒன்று தேறியிருக்கிறது. அது மீனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 24-ஐயும் ஓட்டியதைக் கட்டுரையில் சொல்லுங்கள், திருத்தம் செய்யுங்கள், வேறு ஆண்டுகளின் தரவில் அந்த ஒன்றை மட்டும் மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: உப்பைக் குறைத்த புதுத் தயாரிப்புக்கும் பழையதற்கும் சுவையில் வித்தியாசம் தெரிகிறதா என்று 30 பேரை வைத்து முக்கோணச் சோதனை செய்தேன். 14 பேர் சரியாகச் சொன்னார்கள். அட்டவணைப்படி 15 வேண்டும். இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா?
– உணவு அறிவியல் முதுகலை மாணவி

பதில்: கூடாது! முடிவைப் பார்த்த பிறகு ஆளைச் சேர்ப்பது, தோற்கிற ஆட்டத்தில் இன்னும் ஐந்து நிமிடம் கேட்பது மாதிரி. வேண்டிய விடை வரும்வரை சேர்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் வந்தே தீரும்.

முக்கோணச் சோதனை தெரியாதவர்களுக்கு: மூன்று கிண்ணங்கள். இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். அதனால் 30 பேரில் 10 பேர் சரியாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. தற்செயலைத் தாண்டிவிட்டது என்று 5 சதவீத மட்டத்தில் சொல்ல 15 பேர் வேண்டும். இதன் தாத்தா, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய தேநீர்ச் சோதனை. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்வதாக ஒரு பெண்மணி சொல்ல, அவர் எட்டுக் கோப்பைகளை வைத்துச் சோதிக்கும் முறையை வகுத்தார். எட்டில் நாலு நாலாகச் சரியாகப் பிரிக்க, ஊகத்துக்குக் கிடைப்பது 70-இல் ஒரு வாய்ப்பு.

உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. நீங்கள் உப்பைக் குறைத்திருக்கிறீர்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதுதானே உங்கள் ஆசை? அப்படியானால் 14 என்பது உங்களுக்குத் தோல்வி இல்லையே என்று முதலில் தோன்றும். அதுவும் இல்லை. “வித்தியாசம் இருப்பது நிரூபணமாகவில்லை” என்பதை “வித்தியாசம் இல்லை” என்று படிக்கக்கூடாது. ஒன்றுபோல் இருக்கிறது என்று காட்டுவதற்கு வேறு திட்டம் உண்டு, அதற்கு 30 பேர் போதாது, பெரும்பாலும் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆட்கள் தேவைப்படும். வித்தியாசத்தை உணரும் எத்தனை சதவீதம் பேரைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, புதிதாகத் தொடங்குங்கள். கிண்ணங்களுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்திருந்தால் மாற்றுங்கள், மனிதருக்கு “அ” என்றாலே முதல் தரம். மூன்று இலக்க எண்களைக் குலுக்கிப் போடுங்கள். கிண்ணங்களை அடுக்க ஆறு வழிகள் இருக்கின்றன, ஆறும் சம தடவை வரட்டும். 30 ஆறால் வகுபடும். அதையாவது சரியாக எடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்று என் கட்டுரைக்குப் பொருத்தமான ஐந்து தீர்ப்புகளைக் கொடுத்தது. தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கிறது. மேற்கோள் காட்டலாமா?
– சட்ட மாணவர்

பதில்: ஐந்தையும் எடுத்து முழுதாகப் படித்தீர்களா? இல்லையென்றால் கூடாது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் வக்கீல்கள் இப்படித்தான் தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். எதிர்த் தரப்பு தேடிப் பார்த்தது, அப்படி எதுவுமே கிடையாது. இவை உண்மையானவையா என்று அந்த வக்கீல் செயலியிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அது சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். திருடனிடமே சாட்சி கேட்ட கதை.

கேள்வி: நாங்கள் ஒரு கணக்கியலாளர், ஒரு சட்டக்காரர், ஒரு கதிரியக்க மருத்துவர் சேர்ந்து எழுதுகிறோம். யார் பெயரை முதலில் போடுவது என்பதில் நட்பு முறிந்துவிடும்போல் இருக்கிறது.
– மூவரில் ஒருவர்

பதில்: மூன்று பேரும் மூன்று ஊர் வழக்கத்தில் வளர்ந்தவர்கள். சட்டத்தில் பெரும்பாலும் தனியாகத்தான் எழுதுவார்கள், வரிசைப் பிரச்சினையே எழாது. கணக்கியலில் பலர் அகர வரிசையில் போட்டுவிடுவார்கள். மருத்துவத்தில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் கூடத்தை நடத்துகிறவருக்கு. ஆகவே உங்கள் கணக்கியல் நண்பருக்குக் கடைசி இடம் தற்செயல், மருத்துவருக்கு அது சிம்மாசனம். எந்த இதழுக்கு அனுப்புகிறீர்கள் என்று முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும். மீதிக்கு, யார் என்ன செய்தார் என்று ஒரு பத்தி எழுதிச் சேருங்கள்.

இன்னொன்று, அனுப்பும்போதும் சண்டை வரும். அமெரிக்கச் சட்ட இதழ்களுக்கு ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாம், அவற்றில் பலவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள். மற்ற இருவர் துறையில் அப்படிச் செய்தால் பெயர் கெட்டுவிடும்.

கேள்வி: இந்த நாலு துறைக்கும் பொதுவாக ஒன்றாவது இருக்கிறதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
– சும்மா கேட்கிறேன்

பதில்: சும்மா கேட்டது நல்ல கேள்வியாகிவிட்டது. “எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டும்?” என்ற கேள்வி நாலு அலமாரியிலும் இருக்கிறது, நாலு பெயரில்.

தணிக்கையாளர் அதை மெட்டீரியாலிட்டி என்பார். இந்தப் பிழை தெரிந்திருந்தால் முதலீட்டாளர் முடிவை மாற்றியிருப்பாரா என்பது கேள்வி. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்று ஒரு கைக்கணக்கு ரொம்ப நாளாகப் புழங்குகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1999-இல் எச்சரித்தது, சின்னத் தொகை நஷ்டத்தை லாபமாக மாற்றிக் காட்டினால் அது சின்னது இல்லையே. சட்டக்காரர் டி மினிமிஸ் என்பார், அற்ப விஷயத்தில் சட்டம் தலையிடாது. உணவுக்காரருக்கு அது நாக்கு உணரக்கூடிய குறைந்தபட்ச வித்தியாசம். படவியலில், புற்றுநோய்க் கட்டி வளர்ந்துவிட்டது என்று சொல்ல ரெசிஸ்ட் என்ற அளவுகோல் இருக்கிறது. 2009-இல் வந்த அதன் திருத்தப் பதிப்பின்படி, கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருந்த நிலையிலிருந்து 20 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும், அதோடு குறைந்தது 5 மில்லிமீட்டராவது கூடியிருக்க வேண்டும். இரண்டு நிபந்தனை ஏன்? 5 மில்லிமீட்டர்க் கட்டி 6 ஆனால் அதுவே 20 சதவீதம். அளந்தவரின் கை நடுக்கமாகவும் இருக்கலாம்.

விழுக்காடும் வேண்டும், நேரடி அளவும் வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை ஒரு தணிக்கை மாணவருக்குக் காட்டினேன். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: வைவாவில் மானம் போய்விட்டது. என் தலைப்பிலேயே முன்பு வந்த ஒரு கட்டுரையை நான் பார்க்கவே இல்லை. மூன்று வருடம் தேடியும் எப்படி விட்டேன்?
– இன்னும் தூக்கம் வராதவர்

பதில்: தேடியதால்தான் விட்டிருப்பீர்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் சின்னக் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தொகுப்பில் கை ஆட்டும் ஒரு கொரில்லாவை ஒட்டி வைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பலரின் கண் கொரில்லாமேலேயே போய் நின்றதையும் கருவி பதிவு செய்திருக்கிறது. ஒன்றைத் தேடும் கண்ணுக்கு இன்னொன்று தெரியாது. நீங்கள் உங்கள் துறைச் சொல்லைப் போட்டுத் தேடியிருப்பீர்கள், அந்தக் கட்டுரை வேறு சொல்லில் இருந்திருக்கும்.

உங்களுக்குத் துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறார். சி.டி. ஸ்கேனுக்கான கணக்கை ஆலன் கார்மாக் 1963-லும் 1964-லும் வெளியிட்டார். அதே கணக்கை யோஹான் ராடான் என்ற கணிதவியலாளர் 1917-லேயே தீர்த்துவிட்டிருந்தார் என்பது கார்மாக்குக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. வைவாவில் யாரும் அவரை மடக்கவில்லை, 1979-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தூங்குங்கள்.

கேள்வி: என் கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. “இது எங்கள் துறைக்குப் பொருந்தாது” என்று ஒரே வரி. விட்டுவிடலாமா?
– சோர்ந்தவர்

பதில்: அந்த ஒரு வரிக்கு நல்ல பரம்பரை உண்டு. நிறுவன லாபச் செய்திக்கும் பங்கு விலைக்கும் உள்ள உறவைப் பற்றி ரே பாலும் ஃபிலிப் பிரவுனும் எழுதிய கட்டுரையை, கணக்கியலின் முன்னணி இதழ் ஒன்று இது கணக்கியலே இல்லை என்பதுபோல் திருப்பி அனுப்பியது. 1968-இல் வேறு இதழில் வந்து, நவீனக் கணக்கியல் ஆய்வின் அஸ்திவாரமாயிற்று. திருப்பி அனுப்பிய இதழை நடத்தும் சங்கமே 1986-இல் அதற்குப் பரிசும் கொடுத்தது. பால் லாட்டர்பரின் எம்.ஆர்.ஐ. கட்டுரையையும் நேச்சர் என்ற அறிவியல் இதழ் முதலில் ஏற்கவில்லை. இரண்டு சின்னக் குழாய்த் தண்ணீரின் மங்கலான படம், யாருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? அவர் மல்லுக்கட்டி 1973-இல் வெளியிட வைத்தார், 2003-இல் நோபல்.

அதற்காகத் திரும்பி வரும் கட்டுரையெல்லாம் நோபலுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை திரும்பி வர நியாயமான காரணம் இருக்கும், என் மேசையில் அழுதவர்களின் கட்டுரைகளைப் படித்தவள் சொல்கிறேன். மூன்று இதழும் ஒரே காரணம் சொன்னால் கட்டுரையைத் திருத்துங்கள். “பொருந்தாது” என்பது மட்டும்தான் காரணம் என்றால், நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை என்று எண்ணுங்கள். எதில் அதிகமோ, உங்கள் வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: போன இதழில் டப்பா உணவைப் பற்றி எழுதும்போது, “121 டிகிரியில் 12 நிமிடம் வைப்பதுதான் 12-டி விதி” என்று எழுதியிருந்தீர்கள். தவறு.
– உணவுப் பதன ஆய்வாளர்

பதில்: தவறுதான், மன்னிக்கவும். ‘டி’ என்பது கிருமிகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரம். டப்பா உணவை நஞ்சாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் அது சுமார் 0.21 நிமிடம். அப்படிப் பன்னிரண்டு முறை பத்தில் ஒன்றாகக் குறைப்பதுதான் 12-டி. 0.21-ஐ 12-ஆல் பெருக்கினால் இரண்டரை நிமிடம், நடைமுறையில் மூன்று என்று வைத்துக்கொள்வார்கள். நான் எழுதியபடி செய்திருந்தால் யாருக்கும் உடம்புக்கு வந்திருக்காது, உணவுதான் கூழாகியிருக்கும். நோட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆறாவது நோட்டு, நடுப்பக்கம். பார்க்காமல் எழுதிவிட்டேன்.